முதற்பலனாக வந்த சுத்தியல்

"…அதுனால இத நான் ஏலத்துல விட மாட்டேன், கேட்டியா பிள்ளே. வேற என்னத்த வேணும்னாலும் கொண்டு வா. இது தலைகீழ் சிலுவ. சாத்தானுக்க அடையாளம்" என்று சொன்னார் சார். என் மகள் செய்த வெள்ளிப் பதக்கம் அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே கறுப்புக் கயிற்றில் தொங்கியது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் காது சிவந்துவிட்டது.

அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் ஆலய முற்றத்தில் நடந்தது இது. கீரிப்பாறைப் பக்கம் எங்கள் சபையில் அந்தப் பண்டிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் கைப்பாட்டில் விளைந்ததின் முதற்பலனைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். விவசாயி வாழைக்குலை கொண்டு வருவார், தையல்காரி பாவாடை கொண்டு வருவாள். கொத்தனார் ஒருவர் வருசாவருசம் ஒரு மூட்டை சிமெண்டைத் தோளில் சுமந்து வந்து பீடத்தின் முன்னால் இறக்குவார். நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவள். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று இருக்கும் முப்பது மரத்துப் பாலில் அடித்த ரப்பர் ஷீட்டைக் கொண்டு போவேன். அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஆலயத்துக்குள் இரண்டு மணி நேரம் அது நாறும். ஒருவரும் ஒருநாளும் அதைத் தள்ளி வைத்ததில்லை.

சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சபைச் செயலாளர். இருபது வருசமாக ஏலம் கூறுவது அவர்தான். "நொண்டிச் சேவல கையில குடுத்தாலும் அது தவம் நிக்குன்னு சொல்லி வித்துருவாரு" என்பாள் என் பக்கத்து வீட்டு மாமி. பொருளைத் தூக்கிக் காட்டுவார், பெயரைச் சொல்லுவார், யார் உண்டாக்கியது என்று வீட்டுப் பெயரோடு சொல்லுவார், அதன் பிறகுதான் விலை. அந்த ஒரு கூவலுக்காகத்தான் என் மகள் வந்தாள்.

தக்கலையில் ஒரு நகைக்கடையில் நான்கு வருசம் நின்றே வேலை பார்த்தவள் அவள். கால் வீங்கி வேலையை விட்டாள். அதன் பிறகு வீட்டிலிருந்தே ஃபோனில் பார்த்துப் பார்த்து நகை செய்யக் கற்றுக்கொண்டாள். ஊர் அதை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. "மோள் இப்பமும் சும்மாதான் இருக்காளா?" என்று பஸ்ஸில் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் நாளைக்கு நான்கு பேர் கேட்டால் எப்படி இருக்கும்? "அம்மா, இந்த வருசம் சார் எனக்க பேரச் சொல்லட்டும், அதுக்கப்புறம் எவளும் கேக்க மாட்டா" என்றாள்.

அவள் செய்வதெல்லாம் நார்வே, ஐஸ்லாந்துப் பக்கத்துப் பழைய கதைகளிலிருந்து எடுத்தவை. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கக் கேட்க ருசி கண்டுவிட்டது. உலகத்தையே தாங்கும் ஒரு மரம் அவர்களுக்கு உண்டாம். உச்சியில் ஒரு கழுகு, வேரில் ஒரு பாம்பு. கழுகு சொன்னதைப் பாம்பிடமும் பாம்பு சொன்னதைக் கழுகிடமும் கொண்டுபோய்ச் சண்டை மூட்டுவதற்கென்றே மரத்தில் ஒரு அணில் ஓடிக்கொண்டிருக்குமாம். "இதுபோல நம்ம எஸ்டேட் பஸ்லயும் ஒண்ணு உண்டுல்லா மக்கா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நகை அச்சுக்கு உருக்கி வைத்திருந்த மெழுகு கொட்டிவிட்டது.

ஆலயத்துக்குக் கொண்டு போனது சுத்தியல். தோர் என்னும் இடித்தெய்வத்தின் சுத்தியல். இடி இடித்தால் மழை, மழை பெய்தால் விளைச்சல். அந்த நாட்டுக் குடியானவர்கள் அதைச் சின்னதாகச் செய்து கழுத்தில் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்தில் பெண்ணின் மடியில் சுத்தியலை வைத்து வாழ்த்தினார்கள் என்றும் ஒரு கதை இருக்கிறது. வீட்டைக் காக்கவும் அதுதான் அடையாளம்.

அச்சு எங்கள் வீட்டு ரப்பர் பாலில் செய்தது. ரப்பர் மரக்கட்டையில் அவள் சுத்தியலைச் செதுக்கினாள். சிரட்டையில் நான் எடுத்து வைத்த பாலை அதன்மேல் தூரிகையால் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, பன்னிரண்டு பூச்சு. காய்ந்ததும் காலுறையைக் கழற்றுவதுபோல் உரித்து எடுத்தாள். அந்தக் கூட்டுக்குள் மெழுகு ஊற்றி, வந்த உருவைக் கருங்கல் என்கிற ஊரில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து வெள்ளியில் வார்த்து வாங்கினாள். பால் காய்ந்தால் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். பிடி குட்டையாக வந்துவிட்டது. நான் வருத்தப்பட்டேன். அவளோ துள்ளினாள். கதையிலும் அப்படித்தானாம். உலையில் அந்தச் சுத்தியலைச் செய்யும்போது துருத்தி ஊதுகிறவனை ஒரு ஈ கடித்து, அவன் கை ஒரு நொடி நின்று, பிடி குட்டையாகிப் போனதாம். பழைய பதக்கங்களில் உள்ளதுபோலவே தலைக்கு அடியில் ஒரு சின்ன முனையும் வைத்திருந்தாள். பிடி மேலே, தலை கீழே தொங்கும். சார் கண்ணுக்கு அதுதான் தலைகீழ் சிலுவையாகத் தெரிந்தது.

"சாரே, அது சுத்தியல்" என்றேன். "ஆணி அடிக்கிற சுத்தியல். வீட்டக் காக்கும்னு போடுறது."

"நீ எட்டாங்கிளாஸ்தானே படிச்ச. இதெல்லாம் உனக்குப் புரியாது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "புரியும் சாரே. நம்ம ஆண்டவரு தச்சுவேல செஞ்ச வீட்டுல வளந்தவரு. அந்த வீட்டுல சுத்தியல் இல்லாமலா இருந்திருக்கும்? அதயும் சாத்தானுக்கதுன்னுதான் சொல்லுவீயளா?"

பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார் முகம் கறுத்தது.

இது வேறொரு தெய்வத்தின் ஆயுதம், நம் பீடத்தில் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். அதில் நியாயம் உண்டு. அவர் அது என்னவென்று கேட்கவே இல்லை. சேவலைத் தூக்கினால் நகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மனிதர், குலையைத் தூக்கினால் காய் எண்ணுகிற மனிதர், என் மகளின் இரண்டு மாத வேலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறு. அதை நினைக்க நினைக்க இன்றைக்கும் என் நெஞ்சு எரிகிறது. நார்வே பக்கத்தில் ஒரு ஊரில் பழைய கல் அச்சு ஒன்று கிடைத்திருக்கிறதாம். ஒரே கல்லில் சிலுவைக்கும் குழி, சுத்தியலுக்கும் குழி. படத்தை மகள் ஃபோனில் காட்டியிருந்தாள். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ஒரு ஆசாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்திருக்கிறான். அவனுக்குப் பிரச்சினை இல்லை, எங்கள் சாருக்குப் பிரச்சினை.

"குடுங்க சாரே, நாங்க கொண்டு போறோம்" என்று கை நீட்டினேன். மகள் என் கையைப் பிடித்து இறக்கினாள். "நில்லும்மா. அவரு பேரச் சொல்லட்டும்."

அப்போது பின்னாலிருந்து வாழைக்குலை வியாபாரி ஒருவரின் குரல் வந்தது. அவர் எங்கள் சபை அல்ல, அய்யாவழிக்காரர். வருசாவருசம் குலை எடுக்க வருவார். "சாரே, அந்தச் சுத்தியல் ஆயிரம் ரூவா. எனக்க மவளுக்குக் கல்யாணம் வருது. வீட்டக் காக்கும்னா நல்லதுதானே."

"ஆயிரத்தி ஐநூறு" என்றார் சிமெண்ட் கொண்டு வந்த கொத்தனார். "எனக்கு சுத்தியல்னா பிடிக்கும்." முற்றம் முழுக்கச் சிரித்தது. "ரெண்டாயிரம்" என்றார் வியாபாரி.

அந்த வருசம் எந்தக் குலையும் அந்த விலைக்குப் போகவில்லை. சார் வியாபாரியைப் பார்த்தார், காணிக்கைப் பெட்டியைப் பார்த்தார். என் மகள் நிமிர்ந்து நின்றாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நானும் நினைத்தேன்.

சார் கயிற்றை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். பதக்கத்தைப் புரட்டினார். கயிறு கோத்த வளையத்தைப் பெருவிரலால் மறைத்து, முனை மேலே வரும்படி பிடித்து, கால் குட்டையான அந்தச் சிலுவையை எல்லாரும் பார்க்க உயரத் தூக்கி, "வெள்ளிச் சிலுவ ஒண்ணு, ஒரு விசுவாசி தந்தது, ரெண்டாயிரம் ஒரு தரம்" என்று கூவினார்.