வாசலில் நான் வைத்த பதிவேடும் ஏழுமலையும்

என் பெயர் வெங்கடராகவன். மந்தைவெளியில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஏழுமலை இறந்துவிட்டார்... அதில் என் பங்கையும் சொல்லவே இதை எழுதுகிறேன். அவர் மனைவி தேவியிடம் படித்துக் காட்டி, சம்மதம் பெற்றே பதிவிடுகிறேன்.

ஏழுமலை எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளின் கார்களைத் துடைத்தவர். வீடு நொச்சிக்குப்பத்தில்.

நான் தனியாக இருக்கிறேன். என் கார் அநேகமாக வெளியே போவதில்லை. ஆனாலும் தினமும் துடைக்கச் சொல்லியிருந்தேன்.

"இன்னா சார், இது காரா, கபாலி கோயில் தேரா? வருசத்துக்கு ஒரு தபாதான் வெளிய வருது!" என்று கிண்டல் செய்வார்.

பல நாட்களில் என்னோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

தெருமுனையில், போதை ஊசிக்கு அடிமையானவர்களுக்கு ஒரு மையம் வந்தது. தினமும் நர்ஸ் முன்னிலையில் மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிட்டால் ஊசியைத் தேட வேண்டியதில்லை.

பக்கத்துப் பூங்காவில் ஊசிகள் கிடந்தது உண்மை. அங்கே விளையாடும் குழந்தைகளின் பெற்றோர் பயந்ததும் நியாயமே. மையத்தை மூடச் சொன்னார்கள். நான் மறுத்து, ஒரு நிபந்தனை விதித்தேன். வருகிறவர்கள் மையத்தின் வாசலில் எங்கள் தெரு வாட்ச்மேனிடம் பெயர், முகவரி, தொழில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டுக்கு நானே கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஏழுமலை அங்கே போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பதிவேடு வைத்த மறுநாள் காலை, கார் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"சார், அந்த நோட்டுல பேரு கண்டிப்பா எழுதணுமா?"

"யாரா இருந்தாலும் எழுதணும். உனக்கெதுக்குப்பா அது?"

"சும்மாதான் சார்..."

துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். நான் பேப்பர் படிக்க உள்ளே போய்விட்டேன்.

சில வாரங்களில் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது தேவி சொன்னார். "பேரு எழுதுனா வாட்ச்மேன் எல்லா வூட்லயும் சொல்லிடுவான், பொழப்பு பூடும்னு பயந்துச்சு சார். மாத்திரைக்குப் போறதையே வுட்டுட்ச்சு. அப்பால மறுபடியும் ஊசி... அதுலயே உசுரு பூட்ச்சு."

திரும்பி வந்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் வாரம் பதினான்கு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கடைசி வாரம் மூன்று பேர்.

மீதிப் பேர் எங்கே போனார்கள்?

இப்போது காலையில் என் வீட்டு வாசலில் வாளிச் சத்தம் இல்லை... போய் வாருங்கள், ஏழுமலை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அந்த நிபந்தனையை நீக்கும் தீர்மானத்தை நான் முன்மொழிவேன். பூங்காவை மைய ஊழியரோடு தினமும் காலையில் நானே சுற்றிப் பார்த்து, கிடக்கும் ஊசிகளை எடுக்கவும் பொறுப்பேற்பேன். தீர்மானம் தோற்றால், நான் இல்லாமல் அந்தப் பதிவேடு தொடரட்டும். செயலாளர் பதவியிலிருந்து விலகிவிடுவேன்.