யாரும் தொடாத பட்டன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது மைசூரில், யாதவகிரிப் பக்கம் ஒரு வீட்டில் நிஜமாக நடந்தது. பிரதிபா கதை கட்டுகிற ரகம் இல்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிறவள். அவளுக்குத்தான் நடந்தது. இப்போது அவள் சிரிப்பதில்லை.

பிரதிபாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, ரிப்போர்ட்டாக டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஒரு பழைய மேஜை. மேலே மானிட்டர், கீழே சிபியு. மத்தியானம் உட்கார்ந்தால் இருட்டும்வரை வேலை ஓடும்.

மாமனார் சேகரனுக்கு அது ஆகவே ஆகாது. தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான கௌதள்ளியிலிருந்து ரயில்வே வேலைக்கு மைசூர் வந்தவர். மனைவி கமலம்மாள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆனால் சேகரன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறைக்குள் வருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தடி நுனியால் சிபியுவின் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். திரை கருத்துப்போகும். பாதி அடித்த ரிப்போர்ட் போயே போய்விடும். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்.

முதல் வேலை இப்படித்தான் போயிற்று. பிரதிபா கணவன் ஸ்ரீகண்டனிடம் அழுதாள்.

"வயசானவரு. விடேன்," என்றான். அவ்வளவுதான்.

ஆடி மாதம் சேகரன் செத்தார். பிரதிபாவுக்குக் கண்ணீர் வரவில்லை. ஊருக்காக வரவழைத்துக்கொள்ளவும் இல்லை. காரியம் முடிந்த கையோடு கைத்தடியைக் கூடத்துப் பரணில் தூக்கிப் போட்டாள். வேறொரு கம்பெனியில் வேலை வாங்கினாள்.

முதல் நாள். விளக்கு வைக்கிற நேரம்.

திரை கருத்தது.

கரண்ட் இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் சிபியு தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

"உங்கப்பா அணைக்கிற மாதிரியே அணையுதுங்க," என்றாள் ஸ்ரீகண்டனிடம்.

அவன் அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றான். அந்த அறைக்குள் அவன் கால் வைப்பதில்லை. "அப்பா போயாச்சு. இன்னும் அவர் மேலயே பழியா? ரிப்பேர்காரனைக் கூப்பிடு."

தேவராஜ மொஹல்லாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வினய் வந்தான். மூடியைத் திறந்து தூசி ஊதினான். பிராசஸர் சூடாகிறதோ என்று புதுப் பேஸ்ட் தடவினான். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியையே புதிதாகப் போட்டான். சாயங்காலம் அணைந்தது. கடைக்கே தூக்கிக்கொண்டு போனான். அங்கே ராப்பகலாக ஓடியது. ஒரு தடவைகூட அணையவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே... அணைந்தது.

வினய் திரையில் எதையோ திறந்து படித்தான். முகம் சுருங்கியது.

"அக்கா, வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஹீட் இல்ல. கரண்ட் பிராப்ளமும் இல்ல. ஒவ்வொரு தடவையும் யாரோ பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. இதுல ரெக்கார்டு ஆகியிருக்கு."

பிரதிபா அறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். 

பட்டனிலிருந்து உள்ளே போகிற ஒயரை வினய் பிடுங்கி எடுத்தான். சுவரில் சுவிட்சைப் போட்டாலே கம்ப்யூட்டர் ஓடுகிற மாதிரி மாற்றி வைத்தான். "இனி இந்த பட்டன் சும்மா பொம்மை அக்கா. யாரு அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. டென்ஷன் பேடா," என்று கன்னடத்தில் தைரியம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சாயங்காலம். வெளியே தூறல். ஸ்ரீகண்டன் ஆபீஸிலிருந்து வரவில்லை. வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் அவள் மட்டும்தான்.

ஹெட்போனில் டாக்டர் குரல். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

டொக்.

ஹெட்போனைக் கழற்றினாள்.

டொக்... டொக்...

கூடத்தில். தெரிந்த சத்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். அறை வாசல்வரை வந்தது. நின்றது.

அங்கே யாரும் இல்லை.

திரை கருத்தது.

பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. "செத்தும் அடங்கமாட்டீங்களா மாமா?" என்று கத்தினாள். "இருந்தவரைக்கும் என் சோத்துல மண்ணைப் போட்டீங்க. அது போதாதா?"



சிபியு உறுமியது. திரை எரிந்தது. பாஸ்வேர்டு கேட்டு வெற்றுக் கட்டம் ஒன்று வந்து நின்றது.

பிரதிபாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொரு புள்ளி...

இன்னொன்று...

கீபோர்டில் எழுத்துகள் தாமாக அமுங்கின. லேசாக இல்லை. பழைய டைப்ரைட்டரை அடிக்கிற மாதிரி ஓங்கி... டக். டக். டக்.

உள்ளே போயிற்று. ஒரு காலிப் பக்கம் விரிந்தது. எழுத்துகள் வரிசையாக வந்தன.

ஏ எஸ் டி எஃப்... ஏ எஸ் டி எஃப்... ஏ எஸ் டி எஃப்...

டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம்.

மாமனார் ஜன்மத்தில் கீபோர்டைத் தொட்டதில்லை.

அப்படியானால்... இது யார்?

டொக்.

அணைந்தது.

உறுமல். எரிந்தது. டக். டக். டக்.

டொக். அணைந்தது.

எரிந்தது.

அணைந்தது.

எரிந்தது...

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

அவளைத் தவிர.

கூடத்துப் பரணில் மரம் முறிகிற சத்தம் கேட்டது.

பிறகு ஒன்றுமில்லை. தூறல் மட்டும். திரை எரிந்துகொண்டே இருந்தது.

ஸ்ரீகண்டன் வந்து ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினான். கைத்தடி இரண்டாக உடைந்து கிடந்தது.

"பூச்சி அரிச்சிருக்கும்," என்றான். இறங்கி வந்து கை கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அணையவே இல்லை.

சேகரனின் வருஷத் திவசத்துக்கு அவருடைய அக்கா மாரக்காள் கௌதள்ளியிலிருந்து வந்தாள். சமையற்கட்டில் தனியாகக் கிடைத்தபோது பிரதிபா மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, இந்த வீட்டுல யாராவது டைப்பிங் படிச்சிருந்தாங்களா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "ஆரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலை. சொல்லுங்க."

 கிழவி குரலைத் தாழ்த்தினாள். "உம்பட மாமியா படிச்சிருந்தா கண்ணு. கோர்ட்டுக் காயிதமெல்லாம் வூட்டுக்கே கொண்டாந்து அடிப்பா. அந்த மேசை மேலதான் மிசினு. சேகரனுக்குப் பொறுக்கலை. தூக்கிப் போட்டு ஒடச்சுப்போட்டான். அதுக்கப்பறம் அவ வெறும் மேசையில அடிக்க ஆரம்பிச்சுட்டா. பொழுது சாஞ்சாப் போதும்... டக்கு டக்குன்னு. பைத்தியம் புடிச்சுருச்சுன்னு தெனமும் அந்நேரத்துக்கு ரெண்டு கையையும் கட்டிப் போடுவான்."

"எத்தனை நாள் அத்தை?"

"சாகற வரைக்கும்." மாரக்காள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். "டாக்டரு வந்து பாத்து, உசிரு போயிருச்சுன்னு சொல்லிட்டாரு. ஆனாக் கட்டுக்குள்ள வெரலு மட்டும் அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எங் கண்ணால பாத்தேன். கட்டை அவுக்கறதுக்கு ஒருத்தருக்கும் தைரியம் வல்லை. அப்படியே கொண்டுபோய் எரிச்சுட்டாங்க."

 "கட்டும்போது அவங்க திமிறலையா?"

"திமிறாம இருப்பாளா? அமுக்கிப் புடிக்க ஆளு வேணுமே." மாரக்காள் கூடத்தைப் பார்த்தாள். அங்கே ஸ்ரீகண்டன் குனிந்து இலை போட்டுக்கொண்டிருந்தான். "அப்ப அவனுக்குப் பத்து வயசு. ஒவ்வொரு நாளும் அவந்தான் புடிச்சான்."

அன்று எல்லோரும் போன பிறகு பிரதிபா கணவனுக்குச் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா எப்படிப் போனாங்க?"

"காமாலை," என்றான். தலை நிமிரவில்லை.

சின்ன அறையில், யாரும் இல்லாத மேஜையில்...

டக். டக். டக்.

பிரதிபா எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்த கை பாதியில் நின்றிருந்தது.

அவனுக்கும் கேட்கிறது.

இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.