மெட்டு ஏறாத ஜீப்

போடியிலிருந்து மலை உச்சியிலுள்ள மெட்டுக்கு ஏறும் போடிமெட்டுச் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், பழைய ஜீப் ஒன்று பானட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உதவலாமென்று என் காரை நிறுத்தினேன். ஜீப்புக்காரர் நரைத்த மீசைக்காரர், வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ். என்ஜினைப் பிரித்து மாட்டியதும் அவரேதானாம். ஜீப்பின் குறையைச் சொல்லும்போதெல்லாம், அதன் காதில் விழக்கூடாதென்று, என் கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிப்போனார்.

நானும் என் புதுக் காரின் பெருமைகளை, விற்றவர் சொன்ன வரிசையிலேயே ஒப்பித்தேன். தானாக கியர் மாறும், தானாக பிரேக் பிடிக்கும்.

முழுசும் கேட்டுவிட்டு, “அப்ப இதுல உங்களுக்கு என்ன தம்பி சோலி?” என்றார்.

காரின் டிக்கியைத் திறந்து, “கயிறு இருக்குண்ணே. மெட்டு வரைக்கும் கட்டி இழுத்துட்டுப் போறேன்” என்றேன்.

“கட்டி இழுத்தா உங்க காருல்ல ஏறுது? இது போடியிலருந்து நிக்காம ஏறணும். நடுவுல நின்னா கணக்குல சேராது. சூடு ஆறட்டும், கீழ போயி மறுபடி ஏறுறேன்.”

“ஏறிருமாண்ணே?”

“போன வாரம் ரெண்டு வளைவு கீழயே நின்னுருச்சு தம்பி” என்றார், பெருமையாக.

சொன்னபடியே ஜீப்பைத் திருப்பி இறங்கினார்.

என் கார் சிரமமில்லாமல் மெட்டு ஏறிவிட்டது. அவர் கணக்குப்படி, நடுவில் நின்றதால் என் ஏற்றமும் செல்லாது. ஆனால் இறங்கிப்போய் மறுபடி ஏற வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை.