நாலே முக்காலுக்குக் குறைந்த குரல்

என்னைப்போல ஒரு மடையனிடம் மைக்கைக் கொடுத்தது யார் குற்றம் என்று இன்றுவரை தெரியவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு, ரொறன்ரோவில் பல மொழிக்காரரும் நேரத்தை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி செய்த ஒரு சின்ன ஏ.எம். வானொலி. அதில் சனிக்கிழமை பின்னேரம் நாலரை முதல் ஐந்து வரை, தமிழ் என் வாயில் மாட்டிக்கொண்டு தவித்தது. மற்ற நாட்களில் நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். அந்த அரை மணி நேரம் மட்டும் கனடாவே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது என்று நினைப்பு.

நிகழ்ச்சியை ஆவணியில் தொடங்கினோம். ஒரு குறையும் இல்லை. மார்கழி வந்தது. நாலே முக்கால் ஆனதும், நிலையத்துப் பொறிகளைப் பார்க்கும் போர்த்துக்கீசக் கிழவர் சுவரில் ஒட்டிய கடதாசியைப் பார்ப்பார், ஒரு சுவிட்சைத் தட்டுவார். மீட்டரில் ஒரு முள் சரிந்து படுக்கும். ஹைட்ரோ பில்லுக்கு, அதாவது மின்சாரக் கட்டணத்துக்கு, பயந்த முதலாளியின் கஞ்சத்தனம் என்று நினைத்து, அதையும் பகிடியாக்கி, சிரிக்கச் சிரிக்க ஒலிபரப்பினேன்.

நிகழ்ச்சிக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் பக்திப்பாட்டு, அடுத்தது என் பகிடி, பிறகு செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, கடைசியில் மரண அறிவித்தல். சாவோடு தொடங்கக்கூடாது, மங்களமாகத் தொடங்கவேண்டும் என்பதில் நான் மகா கண்டிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் முதல்நாள் இறந்துவிட்டார். ஒரே மகன் மிசிசாகாவில். குடியிருந்த பேஸ்மென்ட் மாறிப் போனதால் புதுத் தொலைபேசி இலக்கம் ஒருவரிடமும் இல்லை. “உங்கட புறோகிறாம் மட்டும் விடமாட்டானாம். ரேடியோவில சொல்லிவிடுங்கோ, தம்பி. அகதிக் கேஸ், போகேலாது. மச்சம் மாமிசம் தொடாமல் துடக்காவது காக்கட்டும்” என்றார்.

சனிக்கிழமை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மகனின் பெயரையும் ஊரையும் சேர்த்து இரண்டு தரம் வாசித்தேன். என் குரலின் சோகத்தில் எனக்கே கண் கலங்கியது.

செவ்வாய்க்கிழமை வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“அண்ணை, வாற சனி அம்மாவுக்காக ஒரு முருகன் பாட்டுப் போடுவியளோ? சுகமில்லாமல் இருக்கிறா எண்டு கடிதம் வந்தது.”

பெயரும் ஊரும் சொன்னார். சனிக்கிழமை நான் வாசித்த அதே பெயர், அதே ஊர். எப்படிச் சொன்னேனோ, சொல்லி முடித்தேன்.

“வியாழக்கிழமையோ?”

“ஓம்.”

“ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன்ர பார்ட்டியில ஆட்டிறைச்சி சாப்பிட்டிட்டன்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகுதான் போர்த்துக்கீசரிடம் விசாரித்தேன். இருட்டினால் ஏ.எம். அலை வெகுதூரம் ஓடி மற்ற ஊர் நிலையங்களில் போய் விழுமாம். அதனால் பொழுதுபட்டதும், மார்கழியில் நாலே முக்காலுக்கே, சக்தியைக் குறைப்பது சட்டம். அதற்குப் பிறகு மிசிசாகாவுக்குப் போவது வெறும் இரைச்சல்தான் என்றார். அடுத்த சனி முதல் மரண அறிவித்தலைத்தான் முதலில் வாசித்தேன். “தொடங்கவே செத்தவீடோ?” என்று சிலர் ஏசினார்கள். ஏசட்டும். இன்றைக்கும் எங்காவது வாய் திறக்குமுன், முதலில் சொல்லவேண்டியதைக் கடைசிக்குத் தள்ளுகிறேனா என்று ஒரு பயம் வரும்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவசரம்.

“தம்பி, சனிக்கிழமை ரெண்டு தரம் வாசிச்சனான். நீங்கள் ரேடியோ போடேல்லையோ?” என்று கேட்டேன்.

“போட்டனான். உங்கட பகிடி முழுக்கக் கேட்டது.”