கோல் போடாத ஐந்து வருஷம்

செபாஸ்டினுக்கு ஹாக்கியில் தெரிந்தது ஒன்றுதான்: கோல். பள்ளங்கி கிராமத்துக்காரர், கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறார். பெங்களூரில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடும் மகள் ஆக்ஸிலியாவுக்கு ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் போன் போட்டு, "எத்தன கோல்மா போட்ட?" என்பார். "நான் தடுக்குற ஆளுப்பா" என்று ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

கூடவே சேர்ந்த சுபஸ்ரீ கோல் அடிக்கிறவள். பத்தே மாதத்தில் அவளுக்குக் கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆக்ஸிலியாவோ பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஊர் மைதானம் செய்த வேலை. பள்ளங்கியில் அது சரிவில் கிடக்கிறது. விட்ட பந்து உருண்டு கேரட் தோட்டத்துக்குள் போய்விடும். விட்டவள்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். அதற்குப் பயந்தே பந்தைக் கண்டால் பாய்கிற பழக்கம் அவளுக்கு ஊறிப்போனது. பெங்களூர்ப் பெண்கள் மட்டையை லேசாக அசைத்துக் காட்டுவார்கள். இவள் பாய்வாள். அவர்கள் இவளைச் சுற்றிக்கொண்டு ஜாலியாகப் போய்விடுவார்கள்.

பாயாமல் நிற்கப் பழகவே இரண்டு வருஷம் ஆயிற்று. பின்னோக்கி நகர்ந்து, எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி, அவளே தப்புப் பண்ணும்வரை காத்திருக்க இன்னும் மூன்று. இதென்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒருநாள் மட்டையைப் பிடித்துப் பார்க்கட்டும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

இந்த மார்ச்சில் கடைசி வாய்ப்பு. அந்த ஒரு மேட்ச்சில் நன்றாக ஆடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். செபாஸ்டின் சவாரிகளை விட்டுவிட்டு முதல் தடவையாக மகள் ஆடுவதைப் பார்க்க வந்தார்.

ஆட்டம் முடிந்து, கோச்சிடம் பேசிவிட்டு ஆக்ஸிலியா ஓடி வந்தபோது, அப்பாவின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னம்மா இது, சோலியெல்லாம் விட்டுட்டு இம்புட்டு தூரம் வந்தேன். மொதல்ல ரெண்டு தடவ வந்தாளுக, பந்தப் பிடுங்கிட்ட. அதுக்கப்புறம் ஒருத்தியும் உன் பக்கமே வரலயே. எல்லாரும் அந்தப் பக்கமாவே போறாளுக, நீ சும்மா நிக்கிற. கோச்சுகிட்ட நான் வேணும்னா பேசட்டுமா?"

ஆக்ஸிலியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதத்தாம்பா அவரும் சொன்னாரு. சொல்லிட்டுத்தான் வேல நிரந்தரம்னாரு."