பாதிரியார் படத்துக்குக் காவலிருந்த அண்ணை

லண்டனில், சட்டன் பஸ் தரிப்பில் நின்றபோது பிளேஸ்டோவிலிருந்து இராசநாயகம் அண்ணையின் மகள் போன் எடுத்தாள். "அன்ரி, அப்பா போயிட்டார்." இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நாங்களெல்லாம் வேலை செய்த ஓவியக்கூடத்தில் அண்ணை அறைக் காவலர். நான் ஏஜென்சி அனுப்பிய துப்புரவுக்காரி. அவருடைய அறையில் ஒரு பாதிரியாரின் பழைய எண்ணெய் ஓவியம். கறுப்பு அங்கி, பவுடர் போட்ட பொய்முடி, ரோஸ் கன்னம், மணிக்கட்டில் லேஸ். "இது ரொக்கோகோ, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின்ரை அலங்காரப் பாணி" என்று வருகிறவர்களுக்கு அண்ணை விளக்குவார்.

"அண்ணை, இந்தாள் பிரசங்கத்துக்கு வெளிக்கிட்டவரோ, பொம்பிளை பார்க்க வெளிக்கிட்டவரோ?" என்று நான் கேட்பேன்.

"கண்ணைப் பார் பிள்ளை. உன்ரை பகிடிக்குச் சிரிக்க அவருக்கும் விருப்பம்தான். உடுப்பு விடுகுதில்லை."

எங்களுக்குத் தரை மட்டும்தான் வேலை, படத்தில் கை வைக்கக்கூடாது. அண்ணையும் பலமுறை சொல்லியிருந்தார். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் சாமிப் படங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்த கை. பாதிரியாரின் பிரேமில் தூசி. அவரும் ஒரு சாமிதானே என்று அதேமாதிரி ஈரத்துணியால் துடைத்தேன். பொன்பூச்சு துணியோடு வந்துவிட்டது.

அண்ணை உள்ளே வந்தார், பார்த்தார். துணியைப் பிடுங்கித் தன் கோட்டுப் பைக்குள் வைத்தார். "நீ ஏஜென்சி ஆள். இண்டைக்கே அனுப்பிப்போடுவாங்கள். என்னைக் கூப்பிட்டுப் பேசுவாங்கள், அவ்வளவுதான். வாயைத் திறவாதை."

அப்போது பிள்ளைகளோடு நான் தனி. அந்த வேலை போனால் வாடகை இல்லை. திறக்கவில்லை.

தான்தான் துடைத்ததாக அண்ணை மேலிடத்தில் சொன்னார். பேச்சோடு முடியவில்லை. அவரைக் கீழே, வருகிறவர்களின் கோட்டு வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பென்ஷன் எடுக்கும்வரை அங்கேதான். ஒருநாள் கேட்டேன்: "மேலை போய் உங்கட ஆளை ஒருக்கால் பார்த்திட்டு வாங்கோவன்."

"ஏலாது பிள்ளை. திரும்பவும் தொடப் போறான் எண்டு நினைப்பாங்கள்."

அங்கே வேலை செய்த நீங்களெல்லாம் அவருக்கு 'ஈரத்துணி அண்ணை' என்று பெயர் வைத்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் பக்கத்தில் நிற்கும்போது கொஞ்சம் கூடவே சிரித்தார்.

செத்தவீட்டில் மகள் சொன்னாள்: "அப்பா கவனமான ஆள் அன்ரி. அந்தப் படத்திலைதான் பிழை விட்டிட்டார்."

அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே."

"ஓம்" என்றேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். பிரேமைத் துடைத்தது நான். எனக்காக அண்ணை சுமந்த பழியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவருடைய பொருளென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இனி யாராவது அந்தப் பட்டப்பெயரைச் சொல்வதென்றால், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.