கூரைக்கென்று இருந்த சேமலாபம்

ஐம்பத்தைந்து வயதானதும், உள்ளூர்ச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதி கைக்கு வரும், மகள் அம்ஹாவின் சீதன வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம் என்று ஜெமீல் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தான் வேலை செய்யும் அரிசி ஆலைக் களஞ்சியத்தில் ஒரு மூட்டை வரிசை பிசகி இருந்தாலும் பொறுக்காத மனிதர். ஆனால் வயது ஏற ஏறச் சேமலாபமும் ஏறித்தானே இருக்கும் என்று அதை மட்டும் பார்க்காமலே இருந்துவிட்டார்.

வயதும் நிறைந்தது. தங்கை பஸ்மினா தன் வீட்டில் வைத்துக் கைபேசியில் பார்த்துக் காட்டினாள்.

"இது ஆர்ர?"

"உங்கடதான் காக்கா," என்றாள் அண்ணனிடம்.

அந்தத் தொகை பாதிக் கூரைக்குத்தான் காணும். ஜெமீல் தொண்டையைச் செருமினார். "உனக்கு எவ்வளவு கிடக்கு?"

அவள் மழுப்பினாள். அவர் விடவில்லை. பன்னிரண்டு வயது இளையவள், கல்முனையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் காசாளர். அவளுடையது அவருடையதைப் போல இரண்டு மடங்கு.

"அவள் ஒரு மாசமும் விடாம வேலை செஞ்சவள். நீங்க கட்டாரில எட்டு வருஷம் வெயிலத்தானே சேமிச்சீங்க!" என்று சிரித்தான் அவள் கணவன் றிபாத்.

"வாயப் பொத்துங்க," என்றாள் பஸ்மினா. "அந்த வெயில்லதான் இந்த வீடு எழும்பின. நீங்க ஃபேனுக்குக் கீழ படுக்கிறதும் அதாலதான்."

றிபாத் அடங்கிப்போனான். ஜெமீலுக்குத்தான் முகம் சுட்டது. தங்கைக்கு வீடு கட்டியதை அந்த வீட்டுக்குள் அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பேங்கில கிடக்கிறதில கூரைக்கு நான் தாறன் காக்கா."

"தங்கச்சிட காசில மகளக் குடிவெச்சான் எண்டு ஊர் கதைக்கவா?" தேநீரைக் குடிக்காமல் எழுந்தார்.

மோட்டார் சைக்கிள் மருதமுனையில், சம்பந்தி முகைதீன்பாவாவின் வாசலில் நின்றது.

"கூரை ரெண்டு அறைக்குத்தான் போட ஏலும்," என்றார் ஜெமீல், நிலத்தைப் பார்த்தபடி.

"சேமலாபம் வருமெண்டீங்களே?"

"வருது. என்ட வயசுக்கு வாற அளவு இல்ல."

முகைதீன்பாவா தாடியைத் தடவினார். நல்ல மனிதர். "அதுக்கென்ன, மிச்சத்த நம்மட நிப்றாஸ் போடுவான்."

பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை கூரை போடுவதா! அவர் வைதிருந்தால்கூட ஜெமீல் தாங்கியிருப்பார். "இல்ல, நானே போடுறன்," என்று எழுந்து, வந்த வழியே திரும்பினார்.

பஸ்மினா கேட்டைத் திறந்தாள்.

"நீ அப்ப சொன்னியே..." கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஓம் காக்கா. உள்ளுக்கு வாங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் கடைக்குப் போயிட்டார்."